சம அளவில் வெட்டிய இரண்டு சீட்டுகள்

அப்பா,

போதுமான காலம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். நீங்கள் இருந்தவரை உங்கள் வயதுக்காக. நீங்கள் போன பிறகு அக்காவுக்காக. இனி முடியாது.

இன்று மதியம் அக்கா வீட்டு டிரைவர் பண்ருட்டியிலிருந்து வந்து ஒரு துணிப்பையைக் கொடுத்துவிட்டுப் போனார். மேலே ஒரு பொட்டலம் முந்திரிப்பருப்பு. அதற்குக் கீழே உங்கள் வேதப்புத்தகமும் உங்கள் ஸ்டீல் ஸ்கேலும். புத்தகத்தைப் பிரித்ததும் உங்கள் ஆபீஸ் வாடை வந்தது. பொதுப்பணித்துறையில் டிராஃப்ட்ஸ்மேனாக வாழ்நாள் முழுக்கப் பாலங்களுக்கும் மதகுகளுக்கும் படம் வரைந்த கருப்பு மை, உங்கள் விரலிலிருந்து எத்தனை பக்கங்களில் ஒட்டியிருக்கிறது! சங்கீதப் பக்கங்களின் ஓரமெல்லாம் உங்கள் கட்டைவிரல் தடம்.

பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதே அக்கா போனில் வந்தாள்.

"வந்துச்சா தம்பி?"

"வந்துச்சு. இதெல்லாம் எனக்கு எதுக்குக்கா?"

"வர்ற ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் இங்க வந்துடு. பாப்பாவுக்குத் திட்டக்குடியில ஒரு எடம் வந்திருக்கு. இவரு நல்ல எடம்ங்கிறாரு. எனக்கு ஒண்ணும் புரியல. அப்பா இருந்தா அவரு பாத்துக்குவாரு. இப்ப நீதான் உபவாசம் இருந்து சீட்டு எழுதணும். அந்த ஸ்கேல வச்சே வெட்டு. அப்பதான் ரெண்டும் சமமா வரும்."

நான் ஸ்கேலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"காலையில காப்பிகூட குடிக்காத. அப்பா குடிக்க மாட்டாரு."

அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

நம் வீட்டில் எந்தப் பெரிய விஷயத்தையும் யாரும் முடிவு செய்ததில்லை. நீங்கள் சீட்டுப் போட்டீர்கள். டிராயிங் தாளின் ஓரத்தில், ஸ்கேலை வைத்து, பிளேடால் இரண்டு துண்டுகள் வெட்டுவீர்கள். ஒன்று மற்றதைவிட மயிரளவு கூடியிருந்தாலும் இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வெட்டுவீர்கள். ஒன்றில் 'செய்', மற்றதில் 'வேண்டாம்'. நாலாக மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைப்பீர்கள். குடும்பம் மொத்தமும் பாயில் முழங்காலில் நிற்கும். ஜெபம் முடிந்ததும் யாராவது ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும்.

"நாம முடிவெடுத்தா அது நம்ம முடிவு. சீட்டு எடுத்தா அது அவர் முடிவு." இதை நீங்கள் சபையில் சாட்சி சொல்லும்போதெல்லாம் சொல்வீர்கள். முன்வரிசையில் தலைகள் ஆடும். எல்லா வீட்டிலும் நடப்பதுதானே என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். நம் சபையில் பாதிப் பேர் வீட்டில் நடந்தது. உங்களைப் போல ஸ்கேல் வைத்து யாரும் வெட்டவில்லை, அவ்வளவுதான்.

அம்மா மட்டும் சிரிப்பாள். "உங்கப்பாரு கத்திரிக்காயா வெண்டைக்காயான்னு ஒண்ணுக்குத்தான் இன்னும் சீட்டு போடல. அதையும் போட்டுட்டாருன்னா நான் மார்க்கெட்டுக்கே போவ வேணாம், மார்க்கெட்டு முழங்கால் போட்டு வரும்." நீங்கள் கோபப்பட மாட்டீர்கள். "பேசாத, பேசாத" என்று பேனாவைத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள்.

எனக்கு டெல்லியில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தபோதும் சீட்டுதான். நான்தான் எடுத்தேன். 'வேண்டாம்' வந்தது. "கர்த்தர் தெளிவா பேசிட்டாரு" என்றீர்கள். சிதம்பரத்திலேயே படித்தேன். சிதம்பரத்திலேயே கல்லூரி வேலைக்குச் சேர்ந்தேன். முதலாண்டு மாணவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு பாடம் நடத்துகிறேன்: வாய்ப்புச் செலவு. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது எதைக் கைவிடுகிறோமோ, அதுதான் அதற்கு நாம் கொடுக்கும் விலை. கரும்பலகையில் நெல்லும் கரும்பும் வைத்து உதாரணம் எழுதுவேன். எழுதும்போது டெல்லி ரயில்தான் மனதில் ஓடும். திருமணம் நான் செய்துகொள்ளவே இல்லை. எனக்கென்று எந்தப் பெண்ணின் பெயரையும் ஒரு டிராயிங் தாள் துண்டில் எழுத உங்களை விடக்கூடாது என்ற ஒரே பிடிவாதத்தில் அந்த வயது போய்விட்டது. இதையும் உங்கள் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறேன். நியாயமா என்று கேட்காதீர்கள்.

ஆனால் என் கதையை விடுங்கள். நான் ஆம்பளை, வெளியே போனேன், வந்தேன், கோபப்பட்டேன். அக்காவின் சீட்டைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு டிசம்பரில் கிறிஸ்துமஸ் கேரல் பாட வந்த குழுவில் சிதம்பரத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஆர்மோனியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கடலூரில் நம் மஞ்சக்குப்பம் முழுக்க நடந்து வந்தவர். எல்லோரும் காபி குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போன பிறகும் டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் வாசலில் நின்றார்.

"சக்கரை ஜாஸ்தியாயிடுச்சிங்களா?" என்றாள் அக்கா.

"இன்னொரு டம்ளர் குடிச்சாதாங்க சரியா சொல்ல முடியும்."

உள்ளே அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்கள் அப்பா. ஜனவரியில் அவர் வீட்டுப் பெரியவர்கள் முறையாக வந்து பெண் கேட்டார்கள். அடுத்த வாரமே பண்ருட்டியிலிருந்து முந்திரி வியாபாரி வீடு வந்தது. நல்ல வசதி. சபைக்கு மணி வாங்கிக் கொடுத்த குடும்பம். நீங்கள் அன்று மாலையே ஸ்கேலை எடுத்துவிட்டீர்கள். இந்த முறை ஒன்றில் 'சிதம்பரம்', மற்றதில் 'பண்ருட்டி'.

நாம் எல்லோரும் முழங்காலில். நீங்கள் வெகுநேரம் ஜெபித்தீர்கள். குரல் உடைந்தது. அது நடிப்பில்லை, எனக்குத் தெரியும். உங்கள் பக்தியை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. புத்தகத்தை அக்காவிடம் நீட்டினீர்கள்.

"உன் கையால எடும்மா."

"நீங்களே எடுங்கப்பா."

"வாழப்போறது நீ. நாளைக்கு அப்பா திணிச்சிட்டாருன்னு வரக்கூடாது பாரு."

அவள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். பிரித்துப் பார்க்கவில்லை. நீங்கள் வாங்கிப் பிரித்தீர்கள். பண்ருட்டி.

"ஸ்தோத்திரம்" என்றீர்கள். அப்போது உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் சந்தோஷம் இல்லை. பாரத்தை இறக்கி வைத்த மனிதனின் முகம் அது. அம்மா மட்டும் மெல்ல, "இன்னொரு தரம் போட்டுப் பாக்கலாமே" என்றாள். "கர்த்தரையே பரீட்சை பாக்கச் சொல்றியா?" என்று எழுந்துவிட்டீர்கள். அக்கா பாயைச் சுருட்டினாள். அன்றைக்கு அவள் சுருட்டிய விதம், ஒரு கல்லைப் புரட்டுவதுபோல.

அடுத்த வருடம் பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் தனியாகப் பஸ் ஏறி வந்து நின்றாள். முந்தானையால் முக்காடு போட்டிருந்தாள். ஆலயத்துக்குப் போகிற முக்காடு என்றுதான் முதலில் நினைத்தோம். அம்மா விலக்கிப் பார்த்தாள். இடது கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது.

நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னீர்கள்: "நீயே உன் கையால எடுத்தது இல்லியாம்மா?"

அம்மா கரண்டியை அடுப்பு மேடையில் வைத்தாள். "எடுத்தது அவ. எழுதினது யாரு?"

நீங்கள் வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனீர்கள். உயிர்த்தெழுந்த திருநாள் முடிந்த மறுநாள் நீங்களே அவளைப் பஸ் ஏற்றிவிட்டீர்கள். ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தீர்கள். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு அவள் எதையும் சொல்லிக்கொண்டு வந்ததே இல்லை. கிறிஸ்துமஸுக்கு வருவாள், பலாப்பழம் அனுப்புவாள், கேட்டால் "நல்லா இருக்கேன்" என்பாள். அந்த மனிதரை மாமா என்று கூப்பிட இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.

நான் படித்தவன் என்று நீங்கள் பெருமையாகச் சொல்வீர்களே, படித்தவன் உங்களிடம் கேட்க நினைத்துக் கேட்காததைக் கேட்கிறேன். ஏதேன் தோட்டத்தில் 'ஏன் செய்தாய்' என்று கேட்கப்பட்டபோது, அந்த முதல் மனிதன் மனைவியைக் கைகாட்டினான். அவள் பாம்பைக் கைகாட்டினாள். நீங்கள் சீட்டைக் கைகாட்டினீர்கள். வித்தியாசம் என்ன? சிலுவையின் அடியிலும் போர்ச்சேவகர்கள் சீட்டுப் போட்டார்கள். அங்கியை யார் எடுத்துக்கொள்வது என்று அவர்கள் போட்டுக்கொண்டிருந்தபோது, மேலே ஒருவர், தான் தேர்ந்தெடுத்ததன் விலையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். முந்தின இரவு, பிடிபடுவதற்கு முன் ஜெபித்த தோட்டத்தில் அவர் எந்தச் சீட்டையும் எடுக்கவில்லை. வேண்டாம் என்று கெஞ்சினார், பிறகு சம்மதம் என்றார். இரண்டையும் தன் வாயால் சொன்னார். அந்த மனிதரைத்தானே அப்பா நாம் பின்பற்றுகிறோம்?

தேவன் நமக்கு எல்லாவற்றையும் மன்னிக்கிறார். அதை நான் இன்னும் நம்புகிறேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாலும் நம்புகிறேன். ஆனால் வேதத்தில், பிறன் மனைவியை எடுத்துக்கொண்டதற்கு மன்னிப்புக் கிடைத்த ராஜாவின் பிள்ளை பிழைக்கவில்லை. மன்னிப்பு ஒரு பக்கம், விளைவு ஒரு பக்கம். நீங்கள் மன்னிப்பைப் பற்றி நிறையப் பேசினீர்கள். விளைவோடு அக்கா குடும்பம் நடத்தினாள்.

இவ்வளவையும் உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல ஒரு சந்தர்ப்பம் வந்தது. அம்மா போய்ச் சில வருடம் கழித்து, நீங்கள் கடலூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த மதியம். ஜன்னல் வழியாக வெயில் உங்கள் காலில் விழுந்திருந்தது. டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"குடல்ல அடைப்பு சார். இந்த வயசுல ஆபரேஷன் ரிஸ்க்தான். செய்யாம வுட்டாலும் ரிஸ்க்தான். நான் ஒண்ணைச் சொல்லிட முடியாது. நீங்கதான் சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்."

திரும்பி வந்து உங்களிடம் அப்படியே சொன்னேன். சொல்லிவிட்டு, வலிக்கட்டும் என்றுதான் கேட்டேன்: "என்னப்பா, பேப்பரும் ஸ்கேலும் கொண்டாரட்டுமா?"

நீங்கள் சிரித்தீர்கள். பல் இல்லாத வாயோடு, ஓசையே இல்லாமல்.

"வேணாம்டா. நீயே சொல்லிடு."

"நானா?"

"உனக்குப் பயம் கிடையாது. எனக்கு எப்பவும் பயம். ஆபீஸ்ல கோடு தப்பாப் போயிட்டா பிளேடால சுரண்டி அழிச்சிடுவேன். வீட்டுல அழிக்க முடியாதே."

நான் தண்ணீரால் உங்கள் உதட்டை நனைத்தேன். கொஞ்சம் கழித்து, கேட்காமலே சொன்னீர்கள்: "பண்ருட்டிக்கு ஒரு தரம் போய் விசாரிச்சிருக்கணும்டா. எவ்ளோ தூரம்? பஸ்ல போயிட்டு சாப்பாட்டு நேரத்துக்குள்ள திரும்பியிருக்கலாம். அந்த வாத்தியார் வீட்டையும் பாத்திருக்கலாம். சீட்டு வந்துடுச்சேன்னு போவல."

நீங்கள் கேட்பீர்கள் என்று இத்தனை காலம் நான் காத்திருந்த மன்னிப்பு அதுதானா? இருக்கலாம். அது வந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. உங்கள் கையைப் பிடிக்கத் தோன்றியது. பிடிக்கவில்லை. போர்வையைச் சரிசெய்தேன்.

வராந்தாவில் போய் நின்றேன். சாயங்காலம் வரை நேரமிருந்தது. யாரிடமும் கேட்க முடியவில்லை. கேட்டால் அது அவர்கள் சொன்னதாகிவிடும். சட்டைப்பையில் கைவிட்டேன். சிதம்பரத்திலிருந்து வந்த பஸ் டிக்கெட் இருந்தது. அதை இரண்டாகக் கிழித்தால் என்ன என்று நினைத்தேன் அப்பா. உண்மையாகவே நினைத்தேன். உங்கள் பயம் எவ்வளவு எடை என்று அந்த இடத்தில்தான் தெரிந்தது. ஒரு மனிதனின் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது, 'நான் இல்லை, அவர்' என்று சொல்ல ஒரு துண்டுத் தாள் எவ்வளவு பெரிய உதவி!

டிக்கெட்டைக் கிழிக்கவில்லை. "செய்யுங்க டாக்டர்" என்றேன்.

நீங்கள் கண் விழிக்கவே இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டுக் கை கழுவும்போது அக்காவின் வீட்டுக்காரர் நாலு பேர் கேட்கச் சொன்னார்: "வயசானவரு மேல எதுக்குக் கத்தி வச்சாங்க? சும்மா வுட்டிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரு. படிச்சவங்க வேலை." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா பக்கத்தில் வந்து காதோடு சொன்னாள்:

"கர்த்தர் சித்தம்னு சொல்லிடேன் தம்பி. எல்லாரும் அடங்கிடுவாங்க."

அது அவளுக்கு எவ்வளவு சுலபமாக வந்தது! அவளும் அதைத்தான் சொல்லிச் சொல்லித் தன்னை அடக்கிக்கொண்டிருக்கிறாள்.

"இல்லக்கா" என்றேன். "நான்தான் செய்யச் சொன்னேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எனக்கு இன்னும் படிக்கத் தெரியவில்லை. கோபம் இல்லை. நான் ஏதோ உடுப்பில்லாமல் நிற்பதைப் பார்த்ததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இதுதான் நான் சுமப்பது. உங்களை உயிரோடு வைத்திருக்கலாமோ என்ற கேள்வி ஆலயத்தில் வருகிறது, வகுப்பில் வருகிறது, கீழவீதியில் காய்கறி வாங்கும்போது வருகிறது. பதில் கிடையாது. ஆனால் கேள்வி என்னுடையது. அதை யார் தலையிலும் வைக்கவில்லை. உங்கள் மேலுள்ள கோபம் குறைந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். முன்பு அது கோழையின் மேலிருந்த கோபம். இப்போது அது பயந்துபோன ஒரு மனிதன் மேலுள்ள கோபம். இரண்டாவது அதிகம் வலிக்கிறது.

அக்கா மகள் இங்கே சிதம்பரத்தில்தான் இருக்கிறாள். ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. சனிக்கிழமைதோறும் என் வீட்டுக்கு வந்து, நான் வைத்த சாம்பாரைக் குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுவாள். போன வாரம் திட்டக்குடி விஷயம் அவள் காதுக்கு வந்திருந்தது.

"மாமா, சீட்டுன்னா ரெண்டு பேப்பர்தானே?"

"ரெண்டுதான்."

"'திட்டக்குடி', 'வேணாம்'. அவ்ளோதானா? 'கொஞ்சம் பொறுங்க, அந்த ஆள்கிட்ட நான் ஒரு தரம் பேசிப் பாக்கறேன்'னு யாராவது சீட்டு எழுதுவாங்களா?"

"அவ்வளவு எழுத இடம் இருக்காது."

"அப்ப பெரிய பேப்பரா எடுங்களேன்." சிரித்தாள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு அந்த மாப்பிள்ளை வேணாம்னு நான் சொல்லல மாமா. பிடிச்சிருக்குன்னும் சொல்லல. எனக்கு அவரைத் தெரியவே தெரியாது. அம்மா ஒரு வார்த்தை, 'நீ என்னடி நெனைக்கிற'ன்னு கேட்டா யோசிச்சு சொல்லுவேன். வீட்டுல எல்லாரும் கர்த்தரைக் கேக்கறாங்க. என்னை யாரும் கேக்கல."

அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டிருக்க வேண்டும். போடாததற்குக் காரணம் இருந்தது. அவள் எடுத்த சீட்டு வெறும் தாள் என்று நான் சொல்லிவிட்டால், அவள் பொறுத்ததற்கெல்லாம் என்ன அர்த்தம்? அந்தக் கன்னம், அந்த ஜன்னலோர சீட், அந்த 'நல்லா இருக்கேன்'. இவையெல்லாம் தேவன் எழுதியது என்று நினைத்துத்தான் அவள் எழுந்து சமைக்கிறாள், ஆலயத்துக்குப் போகிறாள். ஒரு டிராஃப்ட்ஸ்மேன் வெட்டிய தாள்தான் அது, அவர் பண்ருட்டிக்கு ஒருமுறை போய் விசாரித்திருந்தால் போதும் என்று சொன்னால், அவள் கையில் எதை மிச்சம் வைப்பேன்? இதற்காகத்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது அதே வாயை மூடிக்கொண்டிருந்தால், ஞாயிற்றுக்கிழமை அவள் மகள் பாயில் முழங்கால் போட்டுக் கண்ணை மூடுவாள்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். தேர்ந்தெடுத்துவிட்டேன். சீட்டு எழுத நான் போகப்போவதில்லை.

அதனால் உங்களுக்கு எழுதிய இந்த மடலின் உறை மேல் அக்காவின் பெயரை எழுதியிருக்கிறேன். அவள் படிக்கட்டும். நீங்கள் ஆஸ்பத்திரியில் சொன்னதை அவளிடம் இதுவரை நான் சொல்லவில்லை. அதை இங்கே படிப்பாள். அழுவாள். என்மேல் கோபப்படுவாள். தேவன் அவள் பக்கத்தில் இருந்தார் என்பதை நான் பிடுங்கவில்லை என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. அவர் சீட்டில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்த வீங்கிய கன்னத்தோடு பஸ்ஸில் இருந்தார் என்று தோன்றுகிறது. இதற்குமேல் எனக்கு இறையியல் தெரியாது.

அடியில் கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தேன். எடுத்துவிட்டேன். எழுத்தைப் பார்த்ததும் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும், மறைப்பதற்காக இல்லை. என் பெயர் கீழே இருந்தால் இது தம்பி சொன்ன முடிவாகிவிடும். 'படிச்சவன் சொல்றான், சரியாத்தான் இருக்கும்' என்று கீழ்ப்படிந்துவிடுவாள். அப்பாவுக்குக் கீழ்ப்படிந்தாள், கணவனுக்குக் கீழ்ப்படிந்தாள், ஒரு துண்டுத் தாளுக்குக் கீழ்ப்படிந்தாள். எனக்கும் கீழ்ப்படிய வேண்டாம். மகளைக் கூப்பிட்டு அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதா வேண்டாமா என்பதை ஒருமுறையாவது அவளே முடிவு செய்யட்டும்.

காலையில் முதல் தபாலில் சேர்த்துவிடுகிறேன். பெயர் போடாமல்.